பாதிக்குப் பேசி முடித்த பாக்கி

கறார் அக்காவுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. வங்கியில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவளோ வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கூட வந்த புருஷன், பஸ் ஓட்டுகிற மனுஷர், "உக்காரேம்மா, பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றார். கேட்டால்தானே!

காரணம் இல்லாமல் இல்லை. குடியிருக்கிற வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். அதன் முன்னறையில்தான் அவளுடைய ஜெராக்ஸ் கடை. வீடு கைமாறினால் குடியும் போச்சு, பிழைப்பும் போச்சு. நாமே வாங்கிவிடலாம் என்று துணிந்து, வீட்டுக்காரரிடம் விலையையும் நன்றாக அடித்துக் குறைத்துவிட்டாள். பேரம் அவளுக்குக் கைவந்த கலை, பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். ஆனால் வங்கி கடன் தர மறுத்துவிட்டது. எப்போதோ புருஷன் பெயரில் தவணைக்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்கு இன்னும் பாக்கி நிற்கிறது என்று கடன் அறிக்கை சொன்னதாம்.

"பாக்கியா? வசூலுக்கு வந்தவன் கையில நானே கட்டினேன், ரசீது இருக்கு!" என்று கொதித்தவள், நேரே ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய் ஆபீஸையே உண்டு இல்லை என்று ஆக்கினாள். கட்டிய பணத்தைப் பதியாமல் விட்டது எங்கள் தப்புதான், திருத்தி அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அது வருவதற்குள் வீட்டைப் பார்க்க வேறு ஆட்கள் வந்துபோனார்கள். அவர்கள் அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தட்டியும் பார்த்தார்கள்.

திருத்தி வந்த அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு வங்கிப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, பாக்கின்னு இருந்ததை எடுத்துட்டாங்க."

"அப்பாடா! இப்பவாவது கண்ணு தொறந்துச்சே."

"ஆனா அதுக்குப் பதிலா, பேசிக் குறைச்சு முடிச்ச கடன்னு போட்டிருக்காங்க. நீங்க முழுசா கட்டலையா?"

"யாராவது முழுசா கட்டுவாங்களா? பாதிக்கு முடிச்சேன்." வசூல்காரனை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி மடக்கியதை அவள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அதாங்க்கா வம்பு. கடன் கொடுத்தவங்களுக்குப் பாதி நஷ்டம்னு அர்த்தம். எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டார்."

"அப்ப இதுவும் தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்!"

"இது தப்பில்லையேக்கா. நடந்ததைத்தானே போட்டிருக்காங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மீதியைக் கட்டி, கடன் முழுதும் அடைந்தது என்று மாற்றிக்கொண்டு வந்தால் கடன் கிடைக்கும் என்றாள் அந்தப் பெண்.

"முழுசா கட்டிடலாம்மா" என்று வசூல்காரன் வந்த அன்றைக்கே சொன்னவர் புருஷன். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இந்த மனுஷர் பேசாமல் கூடவே நடந்துவந்ததுதான் அவளைப் பிய்த்துத் தின்றது.

அன்றே ஃபைனான்ஸ் கம்பெனியில் மீதியைக் கட்டினார்கள். அறிக்கையில் மாறுவதற்கு ஒரு மாதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமா! வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தப்பு எங்க மேலதான். ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்குங்க."

"பாத்துட்டுப் போனவங்க நான் சொன்ன முழு விலைக்கே தயாரா இருக்காங்க தங்கச்சி. அதையே நீயும் குடுத்தா உனக்காகப் பொறுக்கறேன்."

கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. புருஷன் பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பேரத்தை விழுங்கினாள்.

"சரிண்ணே. நீங்க சொன்ன விலைதான்."

போனை வைத்தாளோ இல்லையோ, நட்டநடுத் தெருவில் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அட, வீடு நமக்குத்தான்னு ஆச்சே, ஏம்மா அழற?"

"அதுக்கில்லீங்க," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் எங்கெங்க இப்படி ஜெயிச்சு வெச்சிருக்கேனோன்னு பயமா இருக்கு."