இரும்பு மனிதனின் வலது கை

உலகத்தோர் கவனத்திற்கு ஒரு செய்தி. ரஷ்யர்கள் ஓர் ஆளை விண்வெளிக்கு அனுப்பி ஓராண்டு முடிவதற்குள், 1962 மார்ச் மாதத்தில், மனித குலம் தன் அடுத்த அடியைத் திண்டிவனத்தில் எடுத்து வைத்தது. விழுப்புரத்தில் நடக்கவிருந்த ஐந்தாண்டுத் திட்டப் பொருட்காட்சியில், ஓர் இரும்பு மனிதன் வலது கையைத் தூக்கிக் கலெக்டருக்கு சலாம் வைப்பான் என்று ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. கையை எதைக் கொண்டு தூக்குவான் என்பதைக் குழு தீர்மானிக்கவில்லை. அது விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட அற்ப விஷயமாதலால் விஞ்ஞான வாத்தியார் இருதயராஜிடம் விடப்பட்டது.

இருதயராஜ் மூன்று வருஷமாகத் தற்காலிக வாத்தியார். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை போகும். ஜூனில் குழு மனது வைத்தால் திரும்ப வரும். "பொருட்காட்சி நல்லபடியா முடியட்டும், உன் நிரந்தரத்தப் பேசிப்புடலாம்" என்று தலைவர் இந்த முறை வாக்குக் கொடுத்திருந்தார். குழுவில் மொத்தம் மூன்று பேர். இரண்டு பேர் சம்மதித்தால் போதும். எளிய கணக்குதான் என்று இருதயராஜ் நினைத்தான், மோட்டார் தேடக் கிளம்பும் வரை.

உடம்பு சுலபமாக முடிந்துவிட்டது. இரண்டு மண்ணெண்ணெய் டின், தலைக்கு ஒரு தகர வாளி, கண்ணுக்கு டார்ச் பல்பு. தோளில்தான் சிக்கல். அங்கே உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார் ஒன்று வேண்டும். மூன்று நாள் பொருட்காட்சியில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சலாம் வைத்தால் ஆயிரம் தடவையாவது கை ஏறி இறங்கும். அதைத் தாங்க வேண்டும். சின்னதாக இருப்பது உழைக்க மாட்டேன் என்றது. உழைப்பது சின்னதாக இருக்க மாட்டேன் என்றது.

தலைவர் வெங்கடாசலத்துக்கு மூன்று லாரிகள் ஓடின. விஷயம் காதில் விழுந்ததும் ஒரு வைப்பர் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஐப்பசி மழையில மெட்ராஸ் வரைக்கும் கண்ணாடி தொடைச்சிக்கினு போன மோட்டாருய்யா இது. கலெக்டருக்கு ஒரு சலாம் வைக்காதா?"

வைத்தது. ஆனால் பழைய பழக்கத்தை விடவில்லை. தூக்கிய கையை அங்கேயே இடமும் வலமும் வீசியது. கலெக்டரை வரவேற்கிற மாதிரி இல்லை. கிட்டே வராதே என்று விரட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு டின்னும் கடகடவென்று ஆடின.

குழுவின் இரண்டாவது உறுப்பினர் பச்சைமுத்து விழுப்புரத்தில் மைக் செட்டு வாடகைக்கு விடுபவர். அவர் கிராமபோன் பெட்டியைப் பிரித்து அதன் ஸ்பிரிங் மோட்டாரை எடுத்து வந்தார்.

"வைப்பருக்கு லாரி பேட்டரி வேணும். பொம்மைக்குப் பின்னால லாரிய நிறுத்துவியா? இதுக்குச் சாவி குடுத்தாப் போதும். எத்தினி கல்யாணத்துல பாடியிருக்குது தெரியுமா?"

இருதயராஜ் இரும்பு மனிதனின் கையில் அரை வீசை மல்லாட்டைக் கடலையைப் பையோடு கட்டிச் சோதித்தான். முதல் சலாம் போலீஸ்காரன் சலாம். ஐந்தாவது, பென்ஷன் வாங்கியவன் சலாம். பத்தாவதில் கை பாதி வழியில் நின்று, துக்கம் விசாரிக்க வந்தது போலக் கீழே தொங்கியது. மறுபடியும் சாவி.

மூன்றாவது உறுப்பினர் அந்தோணிசாமி, ஜவுளிக்கடைக்காரர். பாண்டிச்சேரியிலிருந்த மைத்துனர் மூலம் ஒரு ஜப்பான் மோட்டார் தருவித்தார். கட்டை விரல் அளவு. பஞ்சு வைத்த டப்பாவில் மோதிரம் போல வந்தது.

"ஜப்பான்காரன் சின்னதா செஞ்சா அதுல விஷயம் இருக்கும் வாத்யாரே. அந்த லாரி இரும்பையும் கல்யாணப் பாட்டுப் பெட்டியையும் தூக்கிக் கடாசு."

அதுதான் அழகாகத் தூக்கியது. இருபது தடவை தூக்கியது. இருபத்தோராவது தடவை ரப்பர் கருகும் வாசனை வந்தது. இருதயராஜ் வாயால் ஊதினான். ஆறியதும் மறுபடி ஓடியது. நாளைக்கும் ஓடுமா? பல்சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? டப்பாவின் மேல் நிறைய எழுதியிருந்தது, எல்லாம் ஜப்பான் பாஷையில்.

ஒரு வாரம் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மூன்றில் எதை வைத்தாலும் ஒருவர் மகிழ்வார், இருவர் முறைப்பார்கள். மோட்டார் தாங்கினாலும் வேலை தாங்காது. அவன் படித்த பௌதிகத்தில் இந்த விசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குழம்பிக் குழம்பி மூன்றையும் ஒரே தோளில் மாட்டினான்.

பொருட்காட்சியன்று விடிந்ததும் இரும்பு மனிதன் வைக்கோல் மெத்தையில் லாரியில் படுத்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தான். காற்றில் சாயாமல் இருக்கப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, பள்ளிப் பியூன் மண்ணாங்கட்டி பச்சைப் படுதாவுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார். ஐம்பது வயது. அவரும் தற்காலிகம்தான், பதினோரு வருஷமாக.

எட்டு மணிக்குத் தலைவரின் மனைவி கிருஷ்ணவேணி அம்மாள் தாம்பாளத்தோடு வந்தார். புது மெஷின் பூஜையில்லாமல் ஓடலாமா? லாரி வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் செய்வதுதான். இரும்பு மனிதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். கழுத்தில் சாமந்தி மாலை போட்டார். எது ஓடுகிற பாகம் என்று விசாரித்து, அந்தத் தோளிலேயே ஒரு கிண்ணம் சந்தனத்தையும் மெழுகினார்.

"அம்மா, அங்க வேணாங்க, பல்சக்கரம் இருக்குது" என்றான் இருதயராஜ்.

"அதுக்குத்தாம்ப்பா வைக்கிறன். ஓடற எடத்துலதான் கண்ணு படும்."

பத்தரைக்கு வர வேண்டிய கலெக்டர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அதற்குள் வெயிலில் சந்தனம் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போயிருந்தது. மூன்று உறுப்பினர்களும் அவரவர் மோட்டாரைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். இருதயராஜ் முதல் சுவிட்சைப் போட்டான். உறுமல் கேட்டது, கை அசையவில்லை. இரண்டாவதாக, சாவி கொடுத்து வைத்த ஸ்பிரிங்கின் கொக்கியைத் தட்டிவிட்டான். கிர்ரென்று ஏதோ அவிழ்ந்தது. மூன்றாவதைத் தொட்டதும் கருகல் வாசனை வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கைதட்டல் கேட்டுத் திறந்தான். இரும்பு மனிதனின் கை நெற்றிக்கு நேராக, விறைப்பாக, அற்புதமாக நின்றது. சந்தனத் துண்டுகள் உதிர்ந்தன. கை இறங்கியது. மறுபடியும் ஏறியது. கலெக்டர் வாய்விட்டுச் சிரித்து, தானும் ஒரு சலாம் வைத்தார். "அடுத்த மாதம் கடலூருக்குக் கொண்டு வாருங்கள். மாவட்டமே பார்க்கட்டும்" என்றார்.

"பாத்தியா, என் வைப்பர!" என்றார் வெங்கடாசலம்.

"உன் வைப்பரு உறுமிச்சி. தூக்கினது ஸ்பிரிங்கு" என்றார் பச்சைமுத்து.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. மூணாவது சுவிட்சு போட்டப்புறந்தான் கை ஏறிச்சி. ஜப்பான்!" என்றார் அந்தோணிசாமி.

மூன்று நாளும் கை ஏறி இறங்கியது. மூன்று நாளும் இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தோளைத் திறந்து பார்த்தான். வைப்பரின் ஒயர் லாரியில் வந்த குலுக்கலில் பாதி அறுந்திருந்தது. ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. ஜப்பான் மோட்டார் சுட்ட மொச்சைக்கொட்டை போல ஆகியிருந்தது. மூன்றும் செத்த பிறகு ஒரு கை எப்படி மூன்று நாள் சலாம் வைக்கும்? இரண்டு தடவை திருகாணியைக் கழற்றி மாட்டினான். ஒன்றும் புரியவில்லை.

"இன்னா சார் தேடறீங்க?" படுதாவை விலக்கிக்கொண்டு மண்ணாங்கட்டி வந்தார்.

"கையத் தூக்கினது எதுன்னு தெரியல மண்ணாங்கட்டி. ஒரே பேஜாரா இருக்குது."

"நான்தான் சார் தூக்கனேன்."

இருதயராஜ் திருப்புளியைக் கீழே போட்டான்.

"அம்மா சந்தனம் அப்பறப்பவே தெரிஞ்சிப்போச்சி, இது நவுராதுன்னு. கொடி ஏத்தற பச்சக் கயிறு மீதி இருந்திச்சி, படுதாவோட கலந்து யாரு கண்ணுக்கும் படல. முழங்கையில கட்டி, மேல பந்தக் கொம்புல போட்டு இழுத்துக்கினு நின்னேன். மொதல்ல கொஞ்சம் தம் கட்ட வேண்டியிருந்திச்சி. அப்புறம் பழகிப்போச்சி." உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. "உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதேன்னுதான் சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் குழு கூடியது. தலைவர் நோட்டைத் திறந்தார்.

"கடலூருக்கு எழுதணும். எந்த மோட்டார் தூக்கிச்சின்னு ஒரே வார்த்தையில சொல்லிடு வாத்யாரே. ஜல்தி. பொறவு உன் விஷயத்துக்கு வரலாம்."

மூன்று ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன. ஒருவர் பெயரைச் சொன்னால் இருவர் போச்சு. பொய்யில் பிழைக்க வழி தெரியாத குழப்பத்தில், இருதயராஜ் உண்மையைச் சொல்லிவிட்டான்.

மற்ற இருவர் மோட்டாரும் தூக்கவில்லை என்ற செய்தி முதலில் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு நிம்மதியாகப் பரவியது. தன்னுடையதும் தூக்கவில்லை என்பது பிறகுதான் வந்து சேர்ந்தது.

"அப்போ கடலூர்ல?" என்றார் பச்சைமுத்து.

"கலெக்டரு வாயால கூப்ட்டிருக்காரு" என்றார் அந்தோணிசாமி.

"ஏப்ரல்ல அந்த மண்ணாங்கட்டி வேலைய உட்டுட்டு எங்கனா கரும்பு வெட்டப் போயிட்டா நாம இன்னா பண்றது?" என்றார் வெங்கடாசலம்.

பள்ளியின் விஞ்ஞான வளர்ச்சியை முன்னிட்டு, பியூன் மண்ணாங்கட்டியின் வேலை அன்றே ஏகமனதாக நிரந்தரமாக்கப்பட்டது.

இருதயராஜின் விஷயத்துக்கு நேரமில்லை.