கட்டைவிரலுக்கு அடியில் ஆட்டோ

இருபது வருஷமாக லாரியில் கியர் போட்ட கைக்கு, கேமரா தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ என்றால் மானக்கேடு. எல்லாவற்றையும் தானே திருகித்தான் டிரைவர் படம் எடுப்பார். போன வருஷம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எடுத்த படத்தில் மகள் முகமே தெரியாமல் வெறும் புகையாகப் பதிந்திருந்தாள்.

"இந்தத் தடவையும் புகையா வந்தேன்னா, அடுத்த வருஷம் நீங்க வரவே வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஓட்டம் தொடங்கும் கோட்டில் போய் நின்றாள்.

விசில் ஊதுவதற்குள் அவர் கேமராவின் சக்கரத்தை, ஓடும் ஆள் படம் போட்ட ஆட்டோவுக்குத் திருப்பி, கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

மகள் பல்லைக் கடித்தது வரை படத்தில் தெளிவாக விழுந்தது.

"அட, நீங்களேவா திருகினீங்க?" என்றாள் மனைவி.

"பின்னே?"

மகள் மூச்சு வாங்கிக்கொண்டே படத்தைப் பார்த்தாள். "அடுத்த வருஷமும் வாங்கப்பா. அந்தக் கட்டைவிரலை மட்டும் எடுங்க, மரத்துப்போயிடப் போகுது."