ஒரு கிழமை அவகாசம்

ராகுலன் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகராகிப் பதினேழு வருடங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைக்காரர்கள் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வடைத்தட்டுக்கு மூடி வரும், தலையில் தொப்பி ஏறும். சித்திரை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவர் வெள்ளவத்தையில் தன் தொடர்மாடிக் கட்டட வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது யாரும் எதையும் மூடவில்லை.

கேற்றுக்கு வெளியே ஒரு மடிப்பு மேசை. அதன்மேல் குளிர் காக்கிற ரெஜிஃபோம் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் அவருடைய மகள் உஷாந்தி, பதினொரு வயது, விரித்த தலைமயிரோடு நின்றாள். மூன்றாம் மாடி ஸியாம் ஒரு மட்டையில் 'மாம்பழ ஐஸ் பக்கற்' என்று மூன்று மொழியிலும் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தான். கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள் நின்று, சின்னப் பிளாஸ்ரிக் பையில் உறைந்த அந்த மாம்பழச் சாற்றை வாங்கினார்கள்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் இருபத்தெட்டு முடிஞ்சுது!"

ராகுலனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண் தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. தண்ணீர் கொதிக்க வைத்ததா? மாம்பழம் எந்தப் பலகையில் வெட்டினார்கள்? பை என்ன பை? காசு வாங்கிய கையாலேயே பக்கற்றையும் எடுத்துக் கொடுக்கிறாள்.

"உங்கட மகள் பெரிய பிஸினஸ்காரியா வருவா," என்றார் நாலாம் மாடி எட்வேட், ஐஸை உறிஞ்சியபடி.

மேலே போய்த் தேநீரை நின்றபடியே குடித்தார். ஜன்னலால் எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழும்பினார்.

"என்ன, கால் தரையில நிக்குதில்லை?" என்று கேட்டாள் மனைவி சுபோதினி.

"ஆருக்கும் வயித்தால போனா என்ன செய்யிறது?"

"பிள்ளையள் லீவுக்கு விளையாடுதுகள். பயமெண்டால் எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லிக் குடுங்கோ. உங்கட வேலை அதுதானே."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. மேசையை எடுத்து வைத்துவிட்டு மேலே வந்த உஷாந்தியை இருத்திச் சொன்னார்: கொதித்து ஆறிய தண்ணீர், தலைக்குத் தொப்பி, காசு ஒருவர் வாங்க மற்றவர் எடுத்துக் கொடுப்பது, சாப்பாட்டுக்கென்றே விற்கிற பை. அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"ஒரு கிழமை ரைம் தாறன். அதுக்குள்ள எல்லாம் சரியா இருக்கோணும்."

"லைசென்ஸ் எடுக்க வேண்டாமா அப்பா?"

"அதுக்குப் பதினெட்டு வயசாகோணும்."

"அப்ப நாங்கள் செய்யிறது கள்ள வியாபாரமா?"

ராகுலன் அவளுடைய தலையைத் தடவினார்.  

புதன்கிழமை அவர் நேரத்தோடு வீடு வந்தார். உஷாந்தியின் தலையில் சுபோதினியின் குளியல் தொப்பி இருந்தது. மேசையடியில் ஒரு பெண் ஐஸ் பக்கற் வாங்கிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும், தோளில் துணிப்பை. ராகுலனைக் கண்டதும் அவள் பக்கற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஐயா வீடு இங்கதானுங்களா?"

அவருக்கு ஆள் பிடிபட ஒரு கணம் எடுத்தது. பேச்சியம்மா. ஜிந்துப்பிட்டிக்காரி. போன மாதம் கொட்டாஞ்சேனைத் தெருவோரத்தில் பிளாஸ்ரிக் கூடையில் இடியப்பம் விற்றுக்கொண்டிருந்தவள். மெடிக்கல் சான்றிதழ் இல்லை, அனுமதி இல்லை, மூடி இல்லை. இடியப்பத்தை அழிக்கச் செய்து வழக்குப் போட்டிருந்தார். தவணை வருகிற செவ்வாய்க்கிழமை.

"நீங்கள் இஞ்சை..."

"நாலாம் மாடி செலீன் அம்மா வீட்டுல கூட்டித் துடைக்கிறேங்க. கேஸ் முடியுற வரைக்கும் கூடையைத் தூக்கப் பயமா இருக்குது." அவள் உஷாந்தியைப் பார்த்தாள். "ஐயா பொண்ணா? கண்ணு அப்படியே இருக்குது."

உஷாந்திக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா பி.எச்.ஐ., அன்ரி. எங்களுக்கும் சட்டம் இருக்கு. ஒரு கிழமை ரைம் தந்திருக்கிறார், அதுக்குள்ள எல்லாம் சரி செய்யோணுமெண்டு."

"ஒரு வாரமா?" பேச்சியம்மா மெதுவாகக் கேட்டாள். பிறகு ராகுலனிடம் திரும்பினாள். "எனக்குக் கூடையை மூடுறதுக்குக்கூட நேரம் குடுக்கலியே ஐயா."

"அது வேற, அம்மா. நீங்கள் வியாபாரம் செய்தனீங்கள். இது சின்னப்பிள்ளையள்..."

"அதுவும் சல்லி வாங்கிட்டுத்தானே குடுக்குது." அவளுடைய குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒன்று பிடிபடாமல் நிற்கிறவளைப் போல நின்றாள். "புள்ளைய ஒண்ணும் சொல்லிறாதீங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கு." மிச்ச ஐஸோடு காலிக்குப் போகிற பெருவீதிப் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ராகுலன் வீட்டுக்குள் போகவில்லை. கடல் பக்கம் நடந்தார். ரயில் பாதை ஓரமாகத் தெகிவளைப் பக்கம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினார். கடலைப் பார்த்து நிற்கலாமென்று நினைத்தார், நிற்க முடியவில்லை. ஒரு ரயில் வந்தது, ஒதுங்கினார், மறுபடி நடந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தார். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் முதல் தடவைக்கு அறிவுறுத்தல் கடிதம் கொடுத்துவிட்டு வரலாம். அவர் பலருக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி அலுமாரி வைத்த கடைக்காரர்களுக்கு, கதிரை இழுத்துப் போட்டு 'இருங்கோ சேர்' என்கிறவர்களுக்கு. அன்றைக்கு வெயில், பசி. அவள் வாங்க வந்தவனுக்குச் சம்பல் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நேராக மேசைக்குப் போனார். ரெஜிஃபோம் பெட்டியை மூடினார். மேசையின் காலை மடித்தார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"இது சரிவராது. போதும், மேல போ."

"நீங்கள் தந்த ஒரு கிழமை இன்னும் முடியேல்லை! தண்ணி கொதிக்க வச்சனாங்கள். பை மாத்தினனாங்கள். ஸியாம்தான் காசு வாங்கிறவன்!"

வரிசையில் நின்ற பிள்ளைகள் விலகினார்கள். ஸியாம் மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். உஷாந்தியின் முகம் சிவந்துபோனது.

"நான் என்ன பிழை செய்தனான்? அதைச் சொல்லுங்கோ."

அவர் மேசையை லிஃப்ற்றுக்குள் தள்ளினார்.

உஷாந்தி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சுபோதினி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் பேச்சியம்மாவின் கதையை முழுவதும் சொன்னார். சட்டமென்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டாமா என்று கேட்டார்.

"ஒண்டாத்தான் இருக்கோணும். அதுக்கு அந்த மனிசிக்குச் செய்ததை இவளுக்கும் செய்யிறதோ? உங்கட மனம் ஆறவேணுமெண்டு பிள்ளையை அழவைச்சிட்டீங்கள். அந்த மனிசிக்கு அதால என்ன வந்தது?"

அவர் மேசையைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். சரியாக நிற்கவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் சரிந்தது.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் அவருடைய வழக்குகள் ஆறு. ஐந்து வழக்கம்போல முடிந்தன. பேச்சியம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் கூண்டில் ஏறி, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பதற்கு முன் ராகுலன் எழும்பினார்.  இந்தப் பெண்ணுக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை, குறைகளைத் திருத்த அவகாசம் கொடுக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இது இப்போதுதான் உங்களுக்கு ஞாபகம் வந்ததா?"

"என்னுடைய தவறுதான், ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதவான் எதையோ எழுதினார். ஆறு கிழமைக்குள் மெடிக்கலும் அனுமதியும் எடுத்துக் காட்டினால் எச்சரிக்கையோடு விடலாம் என்றார். அது முடிய ஒரு நிமிடமும் ஆகவில்லை.

வெளியே பேச்சியம்மா நன்றி சொல்லவில்லை. "மெடிக்கல் எங்கங்க ஐயா எடுக்கிறது? எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, செலீன் அம்மா வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அன்று பின்னேரமே மேலதிகாரி ராகுலனைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். அவர் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அது என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. அலுவலகக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் மட்டும் அவருக்குத் தொற்றிக்கொண்டது.

மேசையை மடித்த நாளிலிருந்து உஷாந்தி ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் அவரே அவளுடைய அறை வாசலில் போய் நின்றார்.

"நான் செய்தது பிழை. நீ திரும்பத் தொடங்கலாம். கிழமைக்கணக்கும் இல்லை, நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

"ஸியாம் வரமாட்டானாம்." அவள் கொப்பியிலிருந்து தலை நிமிரவில்லை. "பி.எச்.ஐ. வீட்டுப் பிரச்சினை எங்களுக்கு வேண்டாமெண்டு அவன்ர உம்மா சொல்லிப்போட்டா."

"நான் போய்க் கதைக்கட்டா?"

"வேண்டாம் அப்பா. நீங்கள் போனா இன்னும் பயப்பிடுவினம்."

பரிசோதகர்களின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ராகுலன் கையுயர்த்தினார். விடுமுறையில் சின்னப்பிள்ளைகள் இப்படி ஏதாவது செய்து விற்றால் நாங்கள் என்ன செய்யவேண்டும், அதற்கு ஏதாவது படிவம் உண்டா என்று கேட்டார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் அதற்கெல்லாம் சட்டம் எதற்கு என்றார். இன்னொருவர், ஒரு பிள்ளைக்கு வருத்தம் வந்தால் பேப்பரில் வருவது எங்களுடைய பெயர்தான் என்றார். வாக்குவாதம் அரை மணித்தியாலம் போனது, முடிவு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து ராகுலனின் பையில் எப்போதும் அறிவுறுத்தல் கடிதக் கட்டு ஒன்று இருந்தது. யாரானாலும் முதல் தடவைக்கு அதைத்தான் கிழித்துக் கொடுத்தார். இது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம், யாரிடமும் சொல்லவில்லை.

யூன் மாதத்தில் ஒரு காலை அவர் கொட்டாஞ்சேனையில் வளைவொன்றில் திரும்பினார். பேச்சியம்மா பழைய இடத்தில் இருந்தாள். கூடை இல்லை, கண்ணாடிப் பெட்டி. தலையில் வெள்ளைத் தொப்பி. அவர் சைக்கிளின் வேகத்தைக் குறைத்தார். ஒரு பார்சல் வாங்கலாம், எப்படிப் போகிறதென்று கேட்கலாம் என்றுதான் நினைத்தார்.

அவர் காலை ஊன்றுவதற்கு முன்பே அவள் எழும்பிவிட்டாள். வாங்க நின்ற மனிதரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிளாஸ்ரிக் உறையில் போட்ட மெடிக்கல் அட்டையை இரண்டு கையாலும் அவரை நோக்கி நீட்டினாள்.

"எல்லாம் இருக்குதுங்க ஐயா. பாருங்க."

"வேண்டாம் அம்மா, நான் அதுக்கு வரேல்லை," என்றார் ராகுலன்.

அவள் கையை இறக்கவில்லை. பின்னால் ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தது. அவர் அட்டையை வாங்கி, பார்க்காமலே பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.