தேவிப்பிரியாவுக்குப் போட்ட பொன்னாடை

"இன்னைக்கு நீ திரைக்குப் பின்னால நின்னு பாடு மதி. முன்னால நம்ம புதுப்பொண்ணு தேவிப்பிரியா நிக்கட்டும்" என்றார் மெல்லிசைக் குழுத்தலைவர் வனமாமலை.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் குடும்ப விழா. கேன்டீனை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். மதிவதனிக்கு விஷயம் புரிந்ததும் காது மடல் சுட்டது.

"இன்னாண்ணே சொல்ற? நா பாடணும், அது வாயசைக்கணுமா?"

"மேடையில இளசா ஒரு முகம் வேணும்னு கம்பெனிக்காரங்க கேக்காங்க. நான் என்ன செய்யட்டும்? பாட்டு உன் பாட்டுதான?"

அவள் பாட்டுதான். கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகளைத் தவிர வேறெதையும் அவள் மேடையில் பாடியதில்லை. குத்துப்பாட்டு பாடினால் கச்சேரி குவியும் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பாடகி மூச்சு எடுத்த இடத்தில்தான் இவளும் எடுப்பாள். டிரம்ஸ்காரன் வேகத்தைக் கூட்டினால் மேடையிலேயே திரும்பி முறைப்பாள். பாட்டை விடச் சொன்ன புருஷனை விட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் தனி அறை எடுத்து இருக்கிறவள்.

கூட்டம் உட்கார்ந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டல் அதிர்ந்தது. துணியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மேனேஜர் ஒருவர் தேவிப்பிரியாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இந்தச் சின்ன வயசுல பழைய பாட்டுக்கு இப்படி உயிரைக் குடுக்கிறியேம்மா!" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

யார் உயிர்? மதிவதனி மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த பாட்டின் பல்லவியைத் திரைக்குப் பின்னாலேயே பாடினாள். சரணம் தொடங்கும்போது துணியை விலக்கிக்கொண்டு, மைக்கோடு மேடை நடுவில் வந்து நின்றாள். பாட்டு அறுபடவில்லை. கூட்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஓரத்திலிருந்து வனமாமலை சவுண்ட்காரனுக்குச் சைகை காட்ட, மைக் செத்தது.

அவள் நிறுத்தவில்லை. நரம்பு புடைக்க வெறும் தொண்டையில் பாடினாள். முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

"அந்த அக்காவுக்கு சவுண்டு குடுங்கடா!" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். விசில் பறந்தது.

தேவிப்பிரியா மேடையை விட்டுக் கீழே ஓடினாள். அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ சவுண்ட்காரனைத் தள்ளிவிட்டு மைக்கை உயிர்ப்பித்தாள். மிச்சப் பாட்டு கேன்டீன் கூரை வரை நிறைந்தது.

முடிந்ததும் தேவிப்பிரியா பொன்னாடையைக் கழற்றி நீட்டினாள். "அக்கா, இது உங்களுது."

"எனக்கு வேணாம். போடணும்னா, எம் பேரைச் சொல்லிப் போடச் சொல்லு."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெயரை யாரும் சொல்லவில்லை.

"என் மானத்த வாங்கிட்டியே! வேன்ல ஏறாத" என்றார் வனமாமலை.

"உன் வேன் எவனுக்கு வேணும்?"

ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பெண் அடையாளம் கண்டு, "யக்கா, ஒரே ஒரு பாட்டு" என்று கெஞ்சினாள்.

"இன்னிக்கு வராதும்மா. தொண்டை பூரா கோவமா கீது."

அடுத்த மாதம் மணிமங்கலம் திருவிழாவுக்கு முன்னால் வனமாமலை போன் செய்தார். ஊர்க்காரர்கள் அவளைத்தான் கேட்கிறார்களாம். பழசை மறந்துவிட்டு வரச் சொன்னார்.

"பேனர்ல எம் பேரு போடுவியா?"

"அது... பேனர் அடிச்சாச்சே மதி."

"அப்போ பேனரையே பாடச் சொல்லு" என்று போனை வைத்தாள். சன்னலைத் திறந்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு பழைய பாட்டை எடுத்தாள். அதில் கொஞ்சம்கூடக் கனிவு இல்லை.