பார்க்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட கடிதம்

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவில் ஏகப்பட்ட தாத்தாக்களுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். மருத்துவக் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர்கள் மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் மாதம் அது. நான் யார், ஏன் இந்தத் துறைக்கு வருகிறேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். உட்கார்ந்து யோசித்தால் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் தோன்றுகிறது: சின்ன வயதில் தாத்தா சாய்ந்தார், டாக்டர் ஓடிவந்தார், அன்றே முடிவு செய்தேன்.

மார்னி சாபோ முதலில் எழுதிய பக்கத்தில் தாத்தா கிடையாது. ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இடது காது அடியோடு போன கதையைத்தான் எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தினமும் அவளுடைய இடது பக்கமாகவே வந்து நின்று பேசியதையும், அவர் என்ன சொன்னார் என்பது இன்று வரை அவளுக்குத் தெரியாது என்பதையும் எழுதியிருந்தாள். நல்ல பக்கம்தான். கல்லூரி அலுவலகத்தில் மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொடுக்கும் பெர்னடெட் அதைப் படித்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"கண்ணு, உனக்கு ஏற்கெனவே லைசென்ஸுக்கான முதல் தேர்வுல ஒரு தடவை ஃபெயில்னு கறுப்புப் புள்ளி இருக்கு."

"தெரியும்."

"இருநூறு பேரைக் கழிச்சுக்கட்ட அவங்க சாக்கு தேடிக்கிட்டு இருக்காங்க. நீயே ஒண்ணைத் தட்டுல வெச்சு நீட்டணுமா? காது கேக்காத பொண்ணு ஸ்டெதஸ்கோப்பை எங்க வெச்சுப்பான்னு எவனாவது கேப்பான்."

"வலது காதுலதான். நல்லாவே கேக்கும்."

"எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியணுமே!"

எந்த இடமும் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீண். அடுத்த வருடம் அந்தக் கறுப்புப் புள்ளி இரண்டாகிவிடும். மார்னி காதை எடுத்துவிட்டுத் தாத்தாவைப் போட்டாள். பந்து உருட்டி விளையாடும் கூடத்தில் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் சத்தியமான உண்மை. வெறும் வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களே, அதை மட்டும் எழுதவில்லை. தாத்தா இன்றைக்கும் டொலீடோ நகரத்தில் வியாழக்கிழமை தவறாமல் பந்து உருட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். மூன்று டாக்டர்கள் எழுத வேண்டும். இரண்டு பேர் உடனே சம்மதித்தார்கள். மூன்றாவது ஆள் ஓஸ்டர்மன். ஜூன் மாதம் அவருடைய பொது மருத்துவ வார்டில் மார்னி வேலை பார்த்திருந்தாள். மனிதர் வாய் திறந்து யாரையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் அவர் கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு. காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு போகும்போது மற்ற மாணவர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டு மார்னிக்கு வலப்பக்கம் வந்து ஒட்டி நின்றுகொள்வார். தேர்வில் கோட்டை விட்டவள், எங்கே தப்புச் செய்வாளோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"அழுத்தமா ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, டாக்டர்?" என்று கேட்டாள். அப்படித்தான் கேட்க வேண்டும். சும்மா ஒரு கடிதம் என்று கேட்டால் சும்மா ஒரு கடிதம்தான் கிடைக்கும்.

"எழுதறேன். நீ எழுதினதைக் குடுத்துட்டுப் போ."

மறுநாள் வராந்தாவில் பார்த்தபோது சொன்னார்: "படிச்சேன். தாத்தாவைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுது. உன்னைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல."

கடிதத்தை நான் பார்க்க மாட்டேன், அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று கணினியில் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். போடாவிட்டால், மாணவி பார்க்கப்போகிறாள் என்று பயந்து எழுதிய கடிதம் இது என்று யாரும் மதிக்க மாட்டார்கள். மார்னி குறி போட்டாள். தன்னைப் பற்றி ஊரெல்லாம் படிக்கப்போகிற ஒரு பக்கத்தைத் தான் மட்டும் படிக்க முடியாது என்பது அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

நேர்காணலுக்கு நான்கே நான்கு ஊர்கள் கூப்பிட்டன. முதலில் மில்வாக்கி. எதிரே இருந்த இளம் டாக்டர் அவளுடைய கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இன்னும் கட்டிலைச் சுத்தி நடக்கறீங்களா?"

மார்னிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நடக்கிறேன்" என்று சொல்லிவைத்தாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஷனீஸிடம் சொன்னாள். ஷனீஸ் அவளோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் வகுப்புத் தோழி, குழந்தை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"கட்டிலைச் சுத்தியா? என்னடி, ராத்திரிக் காவலா பார்த்தே அந்த வார்டுல?"

"எனக்கே தெரியலடி. ஓஸ்டர்மன் என்னமோ எழுதியிருக்காரு."

"பைத்தியம்னு எழுதியிருப்பாரு. போய்க் கேளேன்."

"கேக்கக் கூடாது. குறி போட்டாச்சு."

இரண்டாவது ஊர் ஃபோர்ட் வேய்ன். அங்கே ஒரு பெண் டாக்டர் கேட்டார்: "நோயாளி சொன்னதை அவங்க வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்வீங்களாமே? எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்" என்றாள் மார்னி. கடைந்தெடுத்த பொய். சாபோ வீட்டில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் நான்கு பேர் பேசுவார்கள்.

மூன்றாவதாகக் கிராண்ட் ராப்பிட்ஸ். அங்கே ஒருவர் கேட்டார்: "ஒரு இதயத்தைக் கேக்க எவ்வளவு நேரம் எடுத்துப்பீங்க? உங்க ஓஸ்டர்மன் எழுதினதை எங்க கூட்டத்துல ஒருத்தர் உரக்கவே படிச்சாரு. அந்த மனுஷன் இப்படி எழுதி நாங்க பார்த்ததே இல்ல."

அன்று சாயங்காலம் ஷனீஸ் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மார்னி மூன்று கேள்விகளையும் வரிசையாகச் சொல்லி, அந்தக் கடிதத்தில் என்னதான் இருக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நீ ஏன்டி கட்டிலைச் சுத்திப் போவே?"

"அந்தப் பக்கம் போனாத்தானே அவங்க சொல்றது…" மார்னி நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் திருப்பிச் சொல்வே?"

"சரியா கேட்டுச்சான்னு…"

"அடியே மக்கு! அது உன் காதுடி! உன் செவிட்டுக் காதைப் பார்த்துட்டு அந்த ஆளு உன்னைப் புனிதவதின்னு எழுதிட்டாரு!"

ஷனீஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மார்னியும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. பொறுமை, பரிவு, அக்கறை என்று மூன்று ஊர்க்காரர்கள் மெச்சியது அவளுடைய குணத்தை இல்லை. ஒரு குறையை மறைக்க அவள் பழகிக்கொண்ட தந்திரத்தை. இரவல் கோட்டு போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனவளிடம், கோட்டு அழகாயிருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வது போல அவளுக்குக் கூசியது.

"வாயை மூடிக்கிட்டு இரு. இடம் கிடைக்கட்டும் முதல்ல" என்றாள் ஷனீஸ். பெர்னடெட்டைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

கடைசி ஊர் டுலூத். மார்னி உண்மையில் ஆசைப்பட்டது அதற்குத்தான். பெரிய ஏரியின் ஓரத்தில் சின்ன மருத்துவமனை. பயிற்சிக்கு வருகிறவர்கள் மூன்று வருடமும் அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கலாம். ஜனவரிக் குளிரில் ஏரி உறைந்து கிடந்தது. பயிற்சித் தலைவர் டாக்டர் பெல்ட்ரான், அறுபதைத் தாண்டிய குட்டையான அம்மாள், நேர்காணலைத் தன் அறையில் வைத்துக்கொள்ளவில்லை.

"வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். நான் காலையிலேர்ந்து பட்டினி."

மருத்துவமனைச் சாப்பாட்டுக்கூடம் மதிய நேரத்தில் சந்தைக்கடை மாதிரி இருந்தது. தட்டுகள் மோதின, நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெல்ட்ரான் காட்டரிசி சூப்புக் கிண்ணத்தோடு மார்னிக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மார்னிக்கு அவருடைய உதடு அசைவது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையாட்டினாள். அவர் இன்னும் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். மறுபடி தலையாட்டினாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். ஆமாம் இல்லை என்று சொல்கிற கேள்வி இல்லை போலிருக்கிறது.

மார்னி எழுந்தாள். தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்து, பெல்ட்ரானுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பெல்ட்ரானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அட, மேஜையையும் விடறதில்லையா! அந்தக் கடிதத்துல இருக்கறது நிஜம்தான்."

இப்போது தெளிவாகக் கேட்டது. சிரித்துச் சமாளித்துவிடலாம். ஷனீஸின் குரல் காதுக்குள்ளேயே நின்று சமாளி, சமாளி என்றது.

"டாக்டர், கடிதத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது நிஜம் இல்ல. எனக்கு இடது காது கேக்காது. அதனாலதான் சுத்தி வர்றேன். அதனாலதான் திருப்பிச் சொல்றேன். இதயத்தை ரெண்டு மடங்கு நேரம் கேக்கறது பயத்துல. எதையாவது விட்டுட்டேனோன்னு பயம். டாக்டர் ஓஸ்டர்மன் அதை நல்ல குணம்னு நினைச்சுட்டாரு."

பெல்ட்ரான் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு நோயாளிக்கு இதயம் நின்னுபோச்சு. ரூமுல பத்துப் பேரு, எல்லாரும் கத்தறாங்க. நீங்கதான் பொறுப்பு. என்ன செய்வீங்க?"

"என் இடது தோள் சுவரை ஒட்டி இருக்கற மாதிரி நிப்பேன். எல்லாரும் எனக்கு வலப்பக்கம் வந்துடுவாங்க. மருந்து பேரும் அளவும் சொல்றவங்க என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு முதல்லயே சொல்லிடுவேன். சொன்னதை நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன். அவங்க ஆமான்னா மட்டும்தான் ஊசி."

"இதைத்தான் நாங்க வருஷா வருஷம் ஆளை வரவழைச்சுப் பாடம் நடத்தறோம். ஒரு பயலும் செய்யறதில்ல" என்றார் பெல்ட்ரான். சூப்பைக் குடித்து முடித்து, பனிக்காலத்தில் வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மார்னி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கேட்ட ஷனீஸும் தன் பங்குக்குத் திட்டினாள்.

யார் எந்த ஊருக்கு என்பது மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை நாடு முழுக்க ஒரே நேரத்தில் தெரியும். கல்லூரிக் கூடத்தில் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். பலூன்கள், அம்மா அப்பாக்கள், அழுகை, கூச்சல். மார்னி உறையைக் கிழித்தாள். டுலூத். எழுத்துகள் மாறிவிடுமோ என்பது போல இன்னொரு தடவை படித்தாள். ஷனீஸ் கட்டிக்கொண்டு குதித்தபோது அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் வாய்விட்டே அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கூட்டத்துக்குள் இடப்பக்கமாக ஓஸ்டர்மன் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வந்தவர் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுற்றிப் போனார், ஷனீஸைத் தோளால் ஒதுக்கினார், வலப்பக்கம் வந்து நின்றார்.

"எங்க?"

"டுலூத், டாக்டர்."

"குளிரும். தாத்தா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. அன்னைக்கு வந்தது வாயு."

"நினைச்சேன்."

இதற்கு மேல் அவளால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "டாக்டர், நீங்க எழுதினது… அதெல்லாம் நல்ல குணம் இல்ல. என் இடது காது…"

"கேக்காது. ஜூன்ல ரெண்டாவது நாளே தெரியும்."

மார்னி அவரையே பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன் அதை எழுதல?"

"காது உன்னுது. சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. வார்டுல நடந்ததை எழுதினேன்." அவர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். "காது கேக்காத நோயாளிகளை முப்பது வருஷமா பார்க்கறேன். டாக்டருங்களையும் பார்த்திருக்கேன். பாதிப் பேரு கேட்ட மாதிரி தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. நீ சுத்தி வந்தே."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காபி இருந்த மேஜையைப் பார்த்துப் போய்விட்டார். ஜூன் மாதம் முழுக்க அவர் தன் வலப்பக்கத்தை விடாமல் நின்றதை மார்னி இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். அவள் செய்யும் தப்பைப் பிடிக்க அவர் அங்கே நிற்கவில்லை. அவள் தினமும் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள், அவர் அவளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.