ஒரு கேடயம் அளவு வெயில்

எக்பெர்ட் அடுக்கிய விறகை மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, சிதை அடுக்குறியா, மாதா கோயில் கட்டுறியா?" என்றார் பிரபு உதோ, குதிரை மேலிருந்தபடியே.

"ஈர விறகுங்க பிரபு. அடியில வச்சா புகையும், பிடிக்காது."

"புகையட்டும். இருமிக்கிட்டே போறவங்களும் உண்டு."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எக்பெர்ட்டின் கை மட்டும் இன்னும் மெதுவானது.

அவன் சபைச் சேவகன். வழக்குக்கு ஆளைக் கூப்பிடுவது, குற்றவாளியைக் கட்டுவது, தீர்ப்பு வந்தால் தன் கையால் முடிப்பது, மூன்றும் அவன் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது பேரை முடித்திருக்கிறான். ராத்திரி தூக்கம் கெட்டதில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் யாரையும் அவன் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை காட்டியதில்லை. லிண்டன் மரத்தடியில் கழுத்தில் கயிறோடு நிற்கிறாளே யூட்டா, அவளைத் தூக்கியிருக்கிறான். அவளுடைய அப்பா ஆண்ட காலம் அது. அவளுக்கு நாலு வயது.

இப்போது இருபது. பொழுது சாய்வதற்குள் அவளை அவன் கொளுத்த வேண்டும்.

குற்றம், தம்பியைக் கொன்றது. போன அறுவடைச் சந்தையன்று பதினேழு வயது லூடெகர் படகில் போனான். படகு மட்டும் சாலே ஆற்றின் வளைவில் வந்து ஒதுங்கியது, உள்ளே ஒரு தொப்பியோடு. "நிலத்துக்கு ஆசைப்பட்டு அக்காளே தள்ளிவிட்டாள்" என்று சபையில் கை தூக்கிச் சத்தியம் செய்தவர் சித்தப்பா உதோ. தம்பி போய், அக்காளும் போனால் நிலம் யாருக்கு என்பது கூட்டத்தில் நின்ற கழுதைக்குக்கூடத் தெரியும். கழுதை பேசாது. கூட்டமும் பேசவில்லை.

சத்தியத்தை உடைக்க ஒரே வழி, களத்தில் ஓர் ஆள் அவளுக்காக உதோவோடு தடியெடுத்து மோதி ஜெயிப்பது. கடவுள் யார் பக்கம் என்று கைத்தடி சொல்லும். சொந்தக்காரன் ஒருவனும் வரவில்லை. கடைசியில் எக்பெர்ட்தான் ரகசியமாகப் படகுத்துறைக்குச் சொல்லியனுப்பினான். கூலிக்குச் சண்டை போடுகிற ஹார்ட்விக் அங்கேதான் குடியிருந்தான். கூலிப் போராளி என்றால் உதோ மறுக்கலாம். ஆனால் அவர் மறுக்கவில்லை. அப்போதே எக்பெர்ட்டுக்குச் சந்தேகம் தட்டியது.

நாலு நாள் முன்னால் காட்டுப் பாதையில் முதுகில் அம்போடு கிடந்தான் போராளி. சண்டைக்கான தோலுடுப்பு, தலையோடு சேர்த்துத் தைத்த தோல் முகமூடி, பக்கத்தில் கேடயம். மானமில்லாத பிழைப்புக்காரனின் பிணத்தைத் தொட்டால் தொட்டவனுக்கும் தீட்டு. எக்பெர்ட் கேடயத்தை அங்கேயே விட்டுவிட்டு, பிணத்தைக் கொக்கி போட்டு இழுத்துப்போய், இடுகாட்டுச் சுவருக்கு வெளியே முகங்குப்புறப் புதைத்தான். வழக்கம் அப்படி. அதன் பிறகு மூன்று நாள், மூன்று தடவை கொம்பு ஊதினார்கள். களத்துக்கு ஒருவரும் வரவில்லை.

"எக்பெர்ட்." யூட்டாதான் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "இன்னும் எத்தனை தடவை பிரிப்ப? எனக்குக் கால் வலிக்குது."

அவன் பதில் சொல்வதற்குள் கூட்டத்தின் பின்னால் சலசலப்பு.

"வழி விடுங்க. ஏய், நகரு. மேல பட்டா உனக்குத்தான் தீட்டு."

சட்டென்று பிளந்தது கூட்டம். தலையில் ஒரு கேடயத்தைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். வயது நாற்பதுக்கு மேல். முழங்கால்வரை சேறு. நேராக எக்பெர்ட் முன்னால் வந்து கேடயத்தை இறக்கினாள்.

"அண்ணே, வழக்கு குடுக்கணும்."

"இப்பவா? நீ யாரும்மா?"

"கிஸ்லா. ஹார்ட்விக் பொண்டாட்டி. இந்தக் கேடயத்தோட வந்த ஆளைக் கொன்னுட்டாங்க. எனக்கு நஷ்டஈடு வேணும்."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை நாலு பேர் மட்டும் இல்லை.

எக்பெர்ட் குரலைத் தாழ்த்தினான். "உங்க ஆளுங்களுக்கு என்ன நஷ்டஈடுன்னு தெரியுமா? குடியானவனைக் கொன்னா வெள்ளி. பிரபுவைக் கொன்னா அதைவிட மூணு மடங்கு. கூலிப் போராளிக்கு…"

"தெரியும். கொன்னவன் கேடயத்தைச் சூரியனுக்கு நேராப் பிடிப்பான். அதுல அடிக்கிற வெளிச்சம் என் மேல விழும். அவ்வளவுதான்."

"அதை வாங்கி என்னம்மா பண்ணப் போற?"

"மூஞ்சி கழுவிக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் அழுத கண்ணாக இல்லை. பைத்தியமா? இருக்கலாம். பைத்தியமாக இருந்தாலும் இது ரத்த வழக்கு. ரத்த வழக்கு வந்தால் மற்ற வேலை நிற்க வேண்டும். எக்பெர்ட் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டான்.

"சபைத் தலைவரே, ரத்த வழக்கு ஒண்ணு வந்திருக்கு. முதல்ல அதை முடிக்கணும்."

"நாளைக்கு வரச்சொல்லுடா," என்றார் உதோ.

"நாளைக்குச் சபை கிடையாதுங்க. ஏழு நடுவரும் ஊருக்குக் கிளம்புறாங்க."

சபைத் தலைவர் ரைன்போல்ட் கிழவர். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்தே எண்பது வயதைத் தொட்டவர். அவர் உதோவின் குதிரையருகே போய் முணுமுணுத்தது எக்பெர்ட்டுக்கும் கேட்டது. "பிரபு, யோசிங்க. சண்டைக்கு வர்ற வழியில ஆளை நீங்க அடிச்சீங்கன்னு எவனாவது பிஷப்கிட்ட போனா வம்பு. இப்பக் குடுத்துட்டீங்கன்னா வழக்கு தீர்ந்துச்சு. அப்புறம் போப்பே வந்தாலும் கிளற முடியாது. செலவும் இல்ல."

உதோவின் மீசை கொஞ்சம் அசைந்தது. "வெயிலுக்குக் காசா பணமா," என்று குதிரையிலிருந்து இறங்கினார்.

ஆனால் வெயில் இல்லை.

மேற்கே சாம்பல் நிறத்தில் மேகம் மூடிக் கிடந்தது. உதோ கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் இரும்புக் குமிழ் வைத்த கனத்த பலகை அது. கொஞ்ச நேரத்தில் கேடயம் தாழ்ந்தது.

"இறக்கி வைக்கலாமா?"

"வெளிச்சம் விழலைங்களே," என்றாள் கிஸ்லா. "கடன் சொல்லாதீங்க பிரபு. ஏழை நான்."

கூட்டத்தில் ஒருவன், "பிரபு, மேகத்துக்கும் ஒரு அம்பு விடுங்க," என்றான். யார் என்று உதோ திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த வாய் மூடிக்கொண்டது.

எக்பெர்ட் வானத்தைப் பார்த்தான். மேகம் விலகக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டினான். விலகினால் வழக்கு முடியும், விறகு பற்ற வேண்டும். இன்னொரு பக்கம், எப்படியும் பற்றத்தானே போகிறது என்று மனசு சலித்தது. தினம் ஒரு விதவை வந்து வழக்குக் கொடுக்கப்போவதில்லை.

ஆற்றுக்கு மேலே, மேகத்துக்கும் மரங்களுக்கும் இடையில், ஒரு விரல்கடை அளவு விரிசல் விட்டது. சூரியன் அதில் இறங்கியது.

"கேளுங்க அண்ணே," என்றாள் கிஸ்லா. "சட்டப்படி கேளுங்க. ஒரு வார்த்தை விடாம."

எக்பெர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பிரபு உதோ, இந்தக் கேடயத்தைத் தாங்கி, சண்டைத் தோலுடுப்பில், காட்டுப் பாதையில் வந்த மனிதனைக் கொன்றது நீர்தானா?"

"நான்தான்."

"பிறர் ஏவியோ, தற்செயலாகவோ?"

"ஒருத்தரும் ஏவல. என் வில், என் அம்பு, என் கை. நல்ல குறி. போதுமா?"

"ஏழு நடுவரும் கேட்டீர்களா?"

ஏழு பேரும் கை தூக்கினார்கள்.

உதோ கேடயத்தைத் திருப்பினார். குமிழில் பட்ட வெயில் தெறித்து, கிஸ்லாவின் மார்பில் விழுந்து, முகத்துக்கு ஏறியது. அவள் கண்ணை மூடவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஓர் உயிரின் விலை இவ்வளவுதான் என்று கண்ணெதிரே பார்த்தால் சிரிப்பு வராது போலிருக்கிறது.

"வாங்கிக்கிட்டேன்," என்றாள்.

"வழக்கு தீர்ந்தது. கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார் என்பதில் இனி மாற்றம் கிடையாது," என்று ரைன்போல்ட் கோலைத் தட்டினார்.

உதோ கேடயத்தைச் சேற்றில் எறிந்தார். "எக்பெர்ட், தீப்பந்தம்."

"இருங்க," என்றாள் கிஸ்லா. "கொல்லப்பட்டவன் யாருன்னு இன்னும் ஒருத்தரும் பேரே சொல்லலையே."

"உன் புருஷன்தாண்டி. பேரு எதுக்கு?"

"என் புருஷன் காய்ச்சல்ல செத்தான் பிரபு. சண்டைக்கு ஆள் வேணும்னு இந்த அண்ணன் சொல்லியனுப்பினப்பவே அவன் போய் ஒரு வாரம். என் வீட்டுப் பின்னாலதான் கிடக்கான். காய்ச்சலுக்கு யாரும் வெயில்கூடத் தர வேண்டியதில்ல."

எக்பெர்ட்டின் கையில் பந்தம் அப்படியே நின்றது. "அப்ப நான் புதைச்சது…"

"தோண்டிப் பாருங்க. முகமூடியைக் கிழிங்க. குளிர்ல இன்னும் கெட்டிருக்காது, அடையாளம் தெரியும்."

உதோவின் முகத்தில் ரத்தம் இல்லை. "பொய். கூலிக்காரன் பொண்டாட்டி பேச்சு சபையில செல்லாது."

"செல்லாதுன்னு தெரிஞ்சுதானே பிரபு நாலு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். உங்க வாயால வரணும்னு இருந்தேன். வந்துடுச்சு. ஏழு பேர் கேட்டாங்க."

அவள் லிண்டன் மரத்தடிக்கு நடந்தாள். யூட்டாவின் எதிரே போனதும்தான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

"மன்னிச்சுக்க தாயி. போன சந்தைக்கு, இவரோட ஆளுங்க ஆத்துல தள்ளிவிட்டப்போ என் புருஷன்தான் கரையேத்தினான். பயந்து எங்ககிட்டயே ஒளிஞ்சு கிடந்துச்சு பிள்ளை. உன்னைப் பிடிச்சிட்டாங்கன்னு கேட்டதும் நிக்கல. வழியில தெரிஞ்சா கொன்னுடுவாங்க, களத்துல வந்து முகமூடியைக் கழட்டினா அக்கா பொழச்சிடும்னு, என் புருஷனோட தோலுடுப்பைப் போட்டுக்கிட்டு… நான்தாம்மா தைச்சு விட்டேன். அந்தக் குழியில கிடக்கிறது உன் தம்பி லூடெகர்."