ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்

நாடாளுமன்றத்தின் மேல்மாடத்தில் மீன்தொட்டி மாதிரி ஒரு கண்ணாடி அறை. அதற்குள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். ஒருவர், எல்லாருக்கும் அக்கா. மற்றவன், கல்யாணமான புதுசு என்பதால் அலுவலகம் முழுக்க ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுகிற இளைஞன். கீழே யாராவது ஆங்கிலத்தில் பேசினால், பேசப் பேச நாட்டு மொழியில் சொல்ல வேண்டும். நாட்டு மொழியில் பேசினால் ஆங்கிலத்தில். உறுப்பினர்கள் ஹெட்போனில் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் களைத்ததும் தன் மைக்கை அணைத்துவிட்டு மற்றவர் தோளைத் தொடுவார். தொடப்பட்டவர் தன் மைக் சுவிட்சைப் போட்டுக்கொண்டு தொடருவார். இன்னொரு விதியும் உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவர்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இந்த விதிப்படி மாப்பிள்ளை இதுவரை ஏழெட்டு முறை ராஜினாமா செய்திருக்கிறான். ஒரு முறை இறந்துபோன தன் யானைக்காக அழுதிருக்கிறான்.

இன்று ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதா. நிறைவேறினால் இந்த அறைக்குப் பூட்டு. மாப்பிள்ளைக்கு மாமனார் பெண் கொடுத்ததே இந்தக் கண்ணாடி அறை வேலையை நம்பித்தான்.

“அக்கா, அமைச்சர் பேச்சைக் கொஞ்சம் சொதப்பிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“வேலை போயிடும்க்கா. என் மாமனாரை நீங்க பார்த்ததில்ல.”

“உன் கல்யாணத்துல பார்த்தேன். பாயசத்துக்கே மனுஷன் கோவிச்சுக்கிட்டாரு. வாயை மூடு, ஆரம்பிச்சுட்டார்.”

அமைச்சர் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார், மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி. அக்காவின் வாயில் அதே வாக்கியங்கள் எழுந்து உட்கார்ந்தன. “இந்த நாட்டில் எந்த மொழியை அரியணை ஏற்றினாலும் இன்னொரு மொழிக்காரனுக்கு வலிக்கும். ஆங்கிலம் நம் யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அது எல்லாருக்கும் சமதூரம். என் மகள் உலகத்தின் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.”

தன் கழுத்துக்கு வருகிற கத்தியை இவ்வளவு பதமாகத் தீட்டுகிற ஒருத்தியை மாப்பிள்ளை பார்த்ததில்லை. மயிர்க்கூச்செறிந்தது. சபையில் ஒரு இருமல் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர்கூடத் தூங்காமல் கேட்டார். மாப்பிள்ளைக்கே ஒரு கணம் மசோதா நியாயம்தான் என்று தோன்றியது. பிறகுதான் மாமனார் ஞாபகம் வந்தது.

பேச்சு முடிந்தது. அக்கா மைக்கை அணைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டாள்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டாள். அவைத்தலைவர், நாளின் விசேஷத்தை உத்தேசித்து, வாக்கெடுப்பு அறிவிப்பை ஆங்கிலத்திலேயே செய்தார்.

அக்காவுக்கு நிகராகச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் மாப்பிள்ளைக்கு. நெஞ்சை நிமிர்த்தி, மணி அடித்தாற்போல் சொன்னான்: “ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்.”

முன்வரிசையில் நான்கைந்து பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான்.

மற்றவர்கள் அசையவில்லை. ஒருவர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் கழற்றி ஊதினார். பக்கத்துக் காதைக் கடன் கேட்டார் இன்னொருவர். பிறகு ஒவ்வொரு தலையாக மேலே திரும்பியது. மொத்த சபையும் கண்ணாடி அறையைப் பார்த்தது. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரும் நாற்காலி நுனியில், ஒரு கையால் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தேசமே தன் குரலுக்காக மூச்சைப் பிடித்திருப்பதை மாப்பிள்ளை கண்டான். இவ்வளவு பெரிய மௌனம் எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தான். சுவிட்சைப் போட மறந்திருந்தான்.

“அடப்பாவி,” என்றாள் அக்கா, ஏறக்குறைய பக்தியோடு.

இப்போது பேசாமலே இருந்துவிடலாம். யந்திரக் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே அத்தனை முகங்களும் நிமிர்ந்தே இருந்தன. அப்படிப் பார்க்கிறவர்களை ஏமாற்ற அவனுக்கு வாய் வரவில்லை. சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. அமைச்சர் பாதி எழுந்தார். ஆங்கிலம் புரிந்து ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நான்கைந்து பேரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். அவர் அப்படியே நின்றார், உட்காரவும் இல்லை எழவும் இல்லை. எழப்போனவர்களும் அவரைப் பார்த்து அந்தரத்தில் நின்றார்கள். அமைச்சர் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி, முன்பின் பார்த்திராத பொருளைப் போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, தன் வீட்டில் பேசுகிற மொழியில் நான்கு வார்த்தை பேசினார். வாசித்தபோது இல்லாத குரல் ஒன்று அவரிடம் இருந்தது.

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது மாப்பிள்ளையின் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப்படி, முழு அமைச்சராக மாறிச் சொன்னான்: நான் இந்த மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன்.

கீழே மெல்ல மெல்ல எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

“நல்லா சொன்னடா,” என்றாள் அக்கா. “சுவிட்ச் போட்டிருக்கியா?”

அவன் பதறிக் குனிந்து பார்த்தான். போட்டிருந்தான்.